பிரிட்டன் நிபுணர் பதிவேடு: மயக்கவியல் மருத்துவர் ஒருவரின் விண்ணப்பம், நிராகரிப்பு, மறுபரிசீலனை

இந்த நிகழ்வில் வரும் மருத்துவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஊர், மருத்துவமனை, நோயாளிகள் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இல்லை. அவர் பணியாற்றிய துறையில் நான் கன்சல்டன்ட், அதாவது முழுப் பொறுப்பேற்கும் மூத்த நிபுணர். பிற்பாடு அவருடைய கல்வி மேற்பார்வையாளராகவும் இருந்தேன். ஆகவே இது வெளியிலிருந்து பார்த்து எழுதியது அல்ல. திறமையுள்ள ஒரு மருத்துவரின் விண்ணப்பம் எந்த இடத்தில் நின்றது, பிறகு எப்படி நகர்ந்தது என்பதை இதே பாதையில் இருப்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவர் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் எம்.டி. பெற்று, பெரிய போதனா மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்தவர். மூளை அறுவை, இதய அறுவை, பிரசவம், குழந்தைகள் என்று எல்லாவற்றிலும் கை பழகியவர். பிரிட்டன் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. கணவரும் பள்ளி செல்லும் ஒரு குழந்தையும் உடன் வந்தார்கள்.

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெறுவது ஒன்று, நிபுணராகப் பதிவு பெறுவது வேறொன்று. ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், அதாவது ஜி.எம்.சி., முதல் பதிவையும் தொழில் உரிமத்தையும் தந்துவிட்டால் மருத்துவமனையில் வேலை பார்க்கலாம். ஆனால் அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையில் நிரந்தர கன்சல்டன்ட் ஆக வேண்டுமானால் ஜி.எம்.சி.யின் நிபுணர் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். 1997 முதல் இதுவே சட்டம். தற்காலிக கன்சல்டன்டாக, அதாவது லோக்கம் கன்சல்டன்டாக இருப்பதற்கு மட்டும் இந்தக் கட்டாயம் கிடையாது.

பதிவேட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் முக்கியமானவை. அங்கேயே பயிற்சியில் சேருபவர்கள் மயக்கவியலில் ஏழு ஆண்டுப் பயிற்சியை முடித்து, சி.சி.டி. எனப்படும் பயிற்சி நிறைவுச் சான்றிதழோடு நுழைகிறார்கள். வேறு நாட்டில் பயின்றவர்களும், பயிற்சிப் பணியிடத்துக்கு வெளியே அனுபவம் சேர்த்தவர்களும் தங்கள் அறிவு, திறன், அனுபவம் மூன்றையும் ஆவணங்களால் நிறுவி நுழைகிறார்கள். இந்த இரண்டாவது வழிக்கு நெடுங்காலம் சி.இ.எஸ்.ஆர். என்று பெயர். 2023 நவம்பர் 30 முதல் அது போர்ட்ஃபோலியோ பாத்வே ஆனது. முன்பு பயிற்சித் திட்டத்துக்கு நிகரான பயிற்சி பெற்றிருப்பதை நிறுவ வேண்டும். இப்போது பிரிட்டனில் நிபுணராகப் பணியாற்றத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் இருப்பதை நிறுவினால் போதும். சொற்கள் இளகியிருந்தாலும் தொகுக்க வேண்டிய ஆவணங்களின் சுமை பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

வந்து சேர்ந்த காலம்: 2016 முதல் 2019 வரை

ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வின் இரு பகுதிகள், சொந்த நாட்டு மருத்துவ மன்றம் தரும் நற்சான்றிதழ், பட்டங்களின் சரிபார்ப்பு என்ற முதல் கட்டத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5 மதிப்பெண்ணும், நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 7ம் வேண்டும். அவர் எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண்ணில் தவறி, மறுபடியும் எழுதித் தேறினார். இது பெரிய பின்னடைவல்ல. விசா கிடைக்காமல் போனதுதான் பெரிய பின்னடைவு. 2017 டிசம்பரிலிருந்து டயர் 2 பணி விசாவுக்கான வருடாந்திர உச்சவரம்பு மாதாமாதம் நிரம்பிக்கொண்டிருந்தது. வேலை உறுதியான பிறகும் ஏராளமான மருத்துவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இவருக்கும் அதுவே நடந்தது. 2018 ஜூலையில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அந்த உச்சவரம்பிலிருந்து விலக்கிய பிறகே அவரால் வர முடிந்தது. இதற்குள் நற்சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள். மருத்துவ மன்றத்திடம் மறுபடியும் விண்ணப்பித்து, மறுபடியும் காத்திருந்தார்.

நடுத்தர அளவுள்ள மாவட்ட மருத்துவமனை ஒன்றில் கிளினிக்கல் ஃபெலோவாக, அதாவது பயிற்சித் திட்டத்துக்கு வெளியே உள்ள தற்காலிகப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டே ஸ்பெஷாலிட்டி டாக்டர் என்ற, கன்சல்டன்டுக்குக் கீழ்நிலையில் உள்ள நிரந்தரப் பணியிடம் கிடைத்தது. சில வாரங்களிலேயே துறையில் எல்லோரும் அவரை நம்பினார்கள். இரவு நேர அவசரப் பிரசவ அறுவைக்கு அவர் இருக்கிறார் என்றால் கன்சல்டன்ட்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இந்த நம்பிக்கை எங்கும் எழுத்தில் பதிவாகவில்லை. பின்னால் வந்த சிக்கலின் வேர் இதுதான்.

பாதையைத் தேர்ந்தது: 2019

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. தேசிய அளவில் போட்டியிட்டுப் பயிற்சிப் பணியிடம் பெறலாம். ஸ்பெஷாலிட்டி டாக்டராகவே தொடரலாம். இருக்கும் இடத்தில் இருந்தபடியே ஆவணங்களைச் சேர்த்து நிபுணர் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்சிப் பணியிடத்தை அவர் ஒதுக்கியதற்குக் காரணங்கள் தெளிவானவை. பயிற்சியில் சேர்ந்தால் வட்டாரத்துக்குள் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற வேண்டும். குழந்தையின் பள்ளி, கணவரின் வேலை இரண்டும் ஆட்டம் காணும். எம்.டி.க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர், இளநிலைப் பயிற்சியாளராக மறுபடியும் தொடங்க வேண்டுமா என்ற கேள்வியும் இருந்தது. அதை அகந்தை என்று நான் நினைக்கவில்லை. நியாயமான கேள்வி அது. ஆனால் பயிற்சிப் பணியிடத்தில் இருப்பவருக்கு இதய அறுவை, மூளை அறுவை, தீவிர சிகிச்சை என்று எல்லாப் பிரிவுகளும் தாமாகவே வரிசையில் வந்துவிடும். வெளியே இருப்பவர் ஒவ்வொன்றையும் கேட்டு, மன்றாடி, பெற வேண்டும். மூன்றாவது வழியைத் தேர்பவர்கள் இந்த விலையை முன்கூட்டியே எடைபோடுவது அரிது. அவரும் அன்று அதைக் குறைவாகவே மதிப்பிட்டார்.

இந்தியாவில் பெற்ற அனுபவம் பெரும்பகுதியை நிரப்பிவிடும் என்று அவர் எண்ணியிருந்தார். இங்கே இரண்டு தடைகள் வந்தன. ஒன்று, மதிப்பீட்டாளர்கள் அண்மை ஆண்டுகளின் ஆவணங்களுக்கே எடை தருகிறார்கள். பழைய அனுபவம் பின்புலமாக நிற்குமே தவிர, இன்றைய திறனுக்குச் சான்றாகாது. மற்றொன்று, அந்த அனுபவத்துக்கு எழுத்துச் சான்று இல்லை. அவர் அங்கே தாம் பார்த்த அறுவைகளைக் குறித்துவைக்கும் தனிப்பட்ட லாக்புக் வைத்திருக்கவில்லை. அறுவை அரங்கப் பதிவேட்டைத் தேடி நகல் எடுத்தபோது, பெரும்பாலான பக்கங்களில் மயக்கவியல் நிபுணர் என்ற இடத்தில் துறைத் தலைவரின் பெயரே இருந்தது. அந்தத் துறைத் தலைவரும் ஓய்வு பெற்றிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் வாங்கியதோடு அந்த வாசல் ஏறக்குறைய மூடிக்கொண்டது.

தேர்வும் தொற்றும்: 2019 முதல் 2022 வரை

அறிவுக்குச் சான்றாக ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தட்டிஸ்ட்ஸ் நடத்தும் எஃப்.ஆர்.சி.ஏ. தேர்வை எழுத முடிவு செய்தார். வேறு வழிகளிலும் அறிவை நிறுவலாம். ஆனால் உள்நாட்டில் பயின்ற ஒவ்வொருவரும் தேறும் தேர்வு இது என்பதால், அந்தப் பகுதியில் எவரும் கேள்வி எழுப்ப மாட்டார்கள் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கு சரியாகவே அமைந்தது. இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியை இரண்டாம் முறையில் தேறினார்.

இடையில் 2020 வந்தது. திட்டமிட்ட அறுவைகள் நிறுத்தப்பட்டன. மயக்கவியல் துறை முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. பெரிய மையத்தில் இதய அறுவை மயக்கவியலுக்காகப் பேசி வைத்திருந்த மூன்று மாதங்கள் கைநழுவின. அதே நேரம் தீவிர சிகிச்சைக்கான ஆவணங்கள் குவிந்தன. செயற்கைச் சுவாசம், குப்புறப் படுக்கவைத்தல், குடும்பத்தாரோடு பேச வேண்டிய கடினமான தருணங்கள் என்று அந்தக் காலத்தில் அவர் செய்தவற்றுக்கு உடனுக்குடன், மேற்பார்வை செய்பவர் எழுதித் தரும் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி வாங்கச் சொன்னோம். எல்லோரும் களைத்திருந்த வேளையில் படிவம் கேட்பது எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் கேட்டார். பிற்பாடு எந்தக் குறையும் சொல்லப்படாத பகுதிகளில் இதுவும் ஒன்று.

பாடத்திட்டமும் இதே காலத்தில் மாறியது. 2021 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் பதினான்கு களங்களைக் கொண்டது. ஏழு களங்கள் மயக்கவியலுக்கே உரியவை: பொது மயக்கம், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் வட்டார மயக்கம், வலி, தீவிர சிகிச்சை போன்றவை. மற்ற ஏழும் பொதுவானவை: குழுப்பணி, பாதுகாப்பும் தர மேம்பாடும், பாதிக்கப்படக்கூடியோரின் பாதுகாப்பு, கற்பித்தல், ஆராய்ச்சியும் தரவும் போன்றவை. வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்கள் முதல் ஏழில் உயிரைக் கொடுத்து உழைத்துவிட்டு, பின் ஏழைச் சான்றிதழ்களால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லோக்கம் கன்சல்டன்ட் வாய்ப்பு: 2022

இறுதித் தேர்வு முடிந்த சில மாதங்களில், துறையில் காலியாக இருந்த கன்சல்டன்ட் இடத்தைத் தற்காலிகமாக ஏற்கும்படி நிர்வாகம் அவரைக் கேட்டது. சம்பளம் கணிசமாகக் கூடும். மரியாதையும் கூடும். குடும்பத்தில் எல்லோரும் ஏற்கச் சொன்னார்கள்.

அவர் மறுத்தார். கன்சல்டன்ட் வேலையை ஏற்றுக்கொண்டால் வாராந்திர அட்டவணை இறுகிவிடும், இதய அறுவைக்கும் மூளை அறுவைக்கும் வெளியே போக முடியாது, மேற்பார்வையில் மதிப்பீடு பெறுவதும் நின்றுவிடும் என்பது அவருடைய வாதம். மாறாக, கன்சல்டன்டாக நடந்துகொள்வதற்கான நேரடிச் சான்று அந்தப் பணியிலேயே கிடைத்திருக்கும் என்று சொல்லவும் இடமுண்டு. என் பார்வையில் அவர் எடுத்த முடிவு சரி. நிரம்பாத பிரிவுகள் நிரம்பாதவரை மேலே கட்டுவதில் பயனில்லை. பணத்தை விட்டுக்கொடுத்து அந்த முடிவை எடுக்கத் துணிவு வேண்டும்.

வெளியே போவதற்கான அனுமதி அப்படியும் எளிதில் கிடைக்கவில்லை. அவர் போனால் இரவுப் பணிப் பட்டியலில் ஓட்டை விழும் என்று நிர்வாகம் தயங்கியது. பெரிய மையத்திலேயே நேரடியாக வேலை தேடலாமே என்றால், அவருடைய விசா இந்த மருத்துவமனையோடு கட்டப்பட்டிருந்தது. இறுதியில், வார இறுதி அழைப்புப் பணிகளை இங்கே தொடர்ந்து பார்ப்பது, வார நாட்களில் அங்கே போவது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இதய அறுவைக்கு மூன்று மாதம் முழுமையாகக் கிடைத்தது. மூளை அறுவைக்கு வாரம் ஒரு நாள்தான் கிடைத்தது. ஒரு நாள் போனால் அன்று என்ன அறுவை வருகிறதோ அதுதான் வாய்ப்பு. சில வாரங்களில் முதுகுத்தண்டு அறுவைகளே வந்தன. தலைக்காயம், மண்டையோட்டைத் திறக்கும் அறுவை போன்றவை அவர் இல்லாத நாட்களில் நடந்தன.

விண்ணப்பம்: 2024

ஆவணத் தொகுப்பு சில நூறு பக்கங்களைத் தாண்டியது. ஜி.எம்.சி. பிரித்துத் தரும் தலைப்புகளின்படி அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தக் களத்துக்கான சான்று என்று காட்ட வேண்டும். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல்.

நோயாளிகளின் அடையாளங்களை மறைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. அவர் பி.டி.எஃப். கோப்புகளில் பெயர்களின் மேல் கறுப்புப் பட்டைகள் வைத்திருந்தார். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. துறைச் செயலாளர் ஒரு பட்டையின் மேல் சுட்டியை வைத்து இழுத்தார். பட்டை நகர்ந்தது. கீழே நோயாளியின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. விண்ணப்பம் போவதற்கு முன்பே இது தெரிந்ததால் தப்பித்தோம். அதன் பிறகு எல்லாப் பக்கங்களையும் அச்சிட்டு, மை பூசி, மறுபடியும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகார் கடிதங்களில் சக ஊழியர்களின் பெயர்களும் மறைக்கப்பட்டன.

நிராகரிப்பு

விண்ணப்பத்தை ராயல் காலேஜின் மதிப்பீட்டாளர்கள் பார்த்துப் பரிந்துரை தருகிறார்கள். முடிவு எடுப்பது ஜி.எம்.சி. 2024இன் பிற்பகுதியில் வந்த முடிவு: நிராகரிப்பு.

முடிவுக் கடிதம் விரிவானது. எந்தக் களங்களில் சான்று போதும், எவற்றில் போதாது, ஏன் என்று களவாரியாகச் சொல்லியிருந்தது. பெரும்பாலான களங்களில் குறையில்லை. குறை சொல்லப்பட்டவை நான்கு: மூளை அறுவை மயக்கவியலில் சான்று மெலிவு, கடைசிக் கட்டப் பயிற்சியின் அளவுக்குத் தனித்துச் செயல்படுவதற்கான சான்று போதாமை, ஆராய்ச்சியும் தரவும் என்ற களத்தில் வருகைச் சான்றிதழ்கள் மட்டும், பாதிக்கப்படக்கூடியோரின் பாதுகாப்பில் இணையவழிப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும்.

இரண்டாவது குறை அவரை மிகவும் வருத்தியது. “எத்தனை நூறு அறுவைகளுக்குத் தனியாக மயக்கம் கொடுத்திருக்கிறேன் என்று லாக்புக்கில் இருக்கிறதே சார், அது போதாதா?” என்று கேட்டார். லாக்புக்கையும் மதிப்பீட்டுப் படிவங்களையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தோம். லாக்புக்கில் ஒரு வரி: தேதி, அவசர வயிற்று அறுவை, அபாய நிலை நான்கு, மேற்பார்வை இல்லை. அந்த இரவு எனக்கு நினைவிருந்தது. எண்பதைக் கடந்த நோயாளி, இதயம் பழுதானவர், குடல் கிழிந்திருந்தது. அறுவை செய்யத்தான் வேண்டுமா என்று அறுவை மருத்துவரோடு பேசி, மகளைத் தொலைபேசியில் அழைத்து, பிழைக்கும் வாய்ப்பை ஒளிக்காமல் சொல்லி, தீவிர சிகிச்சையில் படுக்கையை உறுதி செய்த பிறகே மயக்க மருந்து கொடுத்தவர் இவர். எனக்கு விடியற்காலையில்தான் தகவல் வந்தது. கன்சல்டன்ட் செய்வதை அப்படியே செய்திருந்தார். ஆனால் தொகுப்பில் அந்த இரவு ஒரு வரி மட்டுமே. அதே வாரம் எழுதி வாங்கிய மதிப்பீட்டுப் படிவமோ, ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு நடந்த குடலிறக்க அறுவை பற்றியது. நேரம் கிடைத்த எளிய நாளில் படிவம், நேரமில்லாத கடினமான இரவில் வெறும் எண். தொகுப்பு முழுவதும் இப்படியே இருந்தது. தொகுப்பை மட்டும் பார்ப்பவருக்கு, எளிய அறுவைகளுக்கு மட்டும் தனியாக மயக்கம் கொடுப்பவர் என்றுதான் தோன்றும்.

மேல்முறையீடா, மறுபரிசீலனையா

நிராகரிப்புக்குப் பின் இரண்டு வழிகள் உண்டு. இருபத்தெட்டு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கே கேள்வி, அந்த முடிவு தவறா என்பது. அல்லது குறை சொல்லப்பட்ட களங்களுக்கு மட்டும் புதிய ஆவணம் சேர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். குடும்பத்தார் மேல்முறையீட்டை விரும்பினார்கள். அநீதி நடந்துவிட்டது என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. கடிதத்தை வரிவரியாகப் படித்தபோது, கையில் இருந்த ஆவணங்களை வைத்து அந்த முடிவைத் தவறு என்று சொல்ல இயலவில்லை. அவர் மறுபரிசீலனையைத் தேர்ந்தார்.

இதற்குள் ஒரு சாதகம் சேர்ந்திருந்தது. ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகு நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்துவிட்டதால் விசாவின் பிடி தளர்ந்திருந்தது. மூளை அறுவைக்கு மூன்று மாதம் முழுமையாக அனுப்பாவிட்டால் வேலையை விட்டுப் பெரிய மையத்துக்கே போய்விடுவேன் என்று அவரால் இப்போது சொல்ல முடிந்தது. நிர்வாகம் அனுப்பியது. ஆண்டுகளாக அவர் பணிவோடு கேட்டபோது கிடைக்காதது, போக முடியும் என்ற நிலை வந்ததும் ஒரே கூட்டத்தில் கிடைத்தது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

மற்ற குறைகளுக்கு வேலை இப்படிப் பிரிந்தது. கடினமான ஒவ்வோர் அழைப்புக்கும் பிறகு, மறுநாளே அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன முடிவு எடுத்தார், ஏன், வேறு என்ன செய்திருக்கலாம் என்று பேசி எழுதினோம். ஆராய்ச்சிக் களத்துக்காக, இடுப்பு எலும்பு முறிவு அறுவைகளில் நரம்புத் தடுப்பு ஊசி எவ்வளவு விரைவில் கொடுக்கப்படுகிறது என்பதைத் தணிக்கை செய்து, நடைமுறையை மாற்றி, மறுபடியும் அளந்தார். பாதுகாப்புக் களத்துக்கு, காயங்களோடு வந்த ஒரு குழந்தையைப் பற்றி அவர் ஏற்கெனவே சமூகநலக் குழுவுக்குத் தகவல் தந்திருந்தார். அதை எவரும் ஆவணமாக எண்ணியிருக்கவில்லை. அடையாளம் நீக்கி, அவர் எண்ணிப் பார்த்ததை எழுதி, அந்தக் குழுவின் மருத்துவரிடம் உறுதி வாங்கிச் சேர்த்தோம்.

விளைவு

மறுபரிசீலனை 2025இன் நடுவில் அனுப்பப்பட்டது. ஆண்டின் இறுதியில் நிபுணர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. பதிவேட்டில் சி.சி.டி. வழியாக வந்தவருக்கும் போர்ட்ஃபோலியோ வழியாக வந்தவருக்கும் ஒரே இடம்தான். அடுத்து அறிவிக்கப்பட்ட கன்சல்டன்ட் பணியிடத்துக்கு நேர்காணலில் தேர்வாகி, அதே துறையில் இப்போது என் சக கன்சல்டன்டாக இருக்கிறார்.

எவற்றை மாற்ற வேண்டும்

மருத்துவர் தரப்பில்: சொந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, தாம் செய்த வேலையைத் துறைத் தலைவரின் கையொப்பத்தோடு பட்டியலாக்கி எடுத்து வர வேண்டும். போன பின்பு தேடினால் கிடைக்காது. வந்த முதல் மாதத்திலேயே பாடத்திட்டத்தின் பதினான்கு களங்களையும் படித்து, இருக்கும் மருத்துவமனையில் கிடைக்கவே கிடைக்காதவை எவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே அவற்றுக்கான வெளிப்பணியை எழுத்தில் கேட்பது நல்லது. சேர்ந்த பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பவரின் கை ஓங்கியிருக்கும். கடினமான நோயாளிகளைப் பற்றியே படிவம் வாங்க வேண்டும். எளியவற்றுக்கு லாக்புக் வரி போதும்.

மேற்பார்வையாளர் தரப்பில் சொல்ல வேண்டியது இதைவிட அதிகம். ஒருவர் மேல் நம்பிக்கை வைத்து இரவுகளை அவர் கையில் விடுகிறோம் என்றால், அந்த நம்பிக்கையைக் கையெழுத்தாகவும் தர நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பயிற்சியாளருக்கு ஒதுக்கும் மேற்பார்வை நேரத்தில் பாதியாவது ஸ்பெஷாலிட்டி டாக்டருக்கும் அட்டவணையில் ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள். பணிப் பட்டியலை நிரப்ப வந்தவர்கள் என்று அவர்களே தங்களை நினைத்துக்கொள்ளும்படி நாம் நடத்தியிருக்கிறோம்.

எங்கள் துறையில் இரண்டு மாற்றங்கள் வந்துள்ளன. கடினமான அழைப்புக்கு மறுநாள் நடக்கும் அரை மணி நேர உரையாடல் இப்போது அட்டவணையில் இருக்கிறது. ஸ்பெஷாலிட்டி டாக்டர்களுக்காக மூளை அறுவைக்கும் இதய அறுவைக்கும் பெரிய மையத்தோடு எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். அதன்படி போகவிருக்கும் முதல் மருத்துவருக்கு, இப்போது கன்சல்டன்டாகிவிட்ட அவரே கல்வி மேற்பார்வையாளர்.